எடை போட்டு விக்கிற பொருளுக்கு ஆன்லைன் கடை: ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா, எந்த மாதிரி டெவலப்பர்? கும்மோணம் அனுபவம்

எங்களுது கும்மோணம் பக்கம் குத்துவிளக்கு, பித்தளப் பாத்திரம் விக்கிற கடை, அதுக்கு ஆன்லைன் கடை போட்ட அனுபவம் இது. மொதல்லயே முடிவ சொல்லிடுறேன், நேரம் இருக்குறவங்க மீதிய படிங்க. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கும்மோணம் பித்தளப் பாத்திரம் மாதிரி எடை போட்டு விக்கிற பொருளா இருந்தா வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டுற சாஃப்ட்வேர்) மேல வூகாமர்ஸ் (அந்த சைட்ட கடையா மாத்துற சாஃப்ட்வேர்) போட்டு, கடைக்கே வந்து உக்காந்து பாத்து வேல செய்யிற ஒரு உள்ளூர் டெவலப்பர வச்சுக்கங்க. ஒரே விலைல விக்கிற பொருள்னா, அதாவது காபிப் பொடி, தலையாட்டி பொம்ம, புடவ இப்படின்னா மாச வாடகைக்கு கெடைக்கிற ரெடிமேட் ஆன்லைன் கடையான ஷாப்பிஃபைக்கு தாராளமா போகலாம். எது எடுத்தாலும் டொமைன் (சைட்டோட அட்ரஸ்), ஹோஸ்டிங் (சைட்ட வச்சுருக்குற சர்வர் எடம்), பேமென்ட் கேட்வே (ஆன்லைன்ல காசு வாங்கித் தர்ற சர்வீஸ்) மூணும் உங்க பேர்ல, உங்க மெயில்ல இருக்கணும். இந்த ஒரு விஷயத்துல யாரு என்ன சொன்னாலும் விட்டுக் கொடுக்காதீங்க.

எடை ஏன் இவ்ளோ முக்கியம்னு சாஃப்ட்வேர்காரங்களுக்கு சொல்லிப் புரிய வைக்கிறது தான் பெரிய வேல. நாச்சியார்கோயில் விளக்கு காவிரிக் கரை வண்டல் மண்ணுல அச்சு புடிச்சு வார்க்குறது, புவிசார் குறியீடு வாங்குன பொருள். ஒரே அச்சு, ஒரே ஆளு, ஒரே நாள்ல வார்த்த ரெண்டு விளக்க தராசுல வச்சுப் பாருங்க, இருநூறு கிராம் முன்ன பின்ன இருக்கும், கடைசல் புடிச்சு முடிக்கும்போது இன்னும் கொஞ்சம் மாறும். அப்புறம் பித்தளன்னா செம்பும் துத்தநாகமும் தான், செம்பு விலை ஏறுனா எங்க ரேட்டும் ஏறும், அது நம்ம கையில இல்ல. கடையில இது ஒரு பிரச்சினையே இல்ல, அப்பா தராசுல வப்பாரு, இன்னைக்கு ரேட்டால பெருக்குவாரு, கூலி சேப்பாரு, முடிஞ்சுது. ஆனா ஆன்லைன் கடைன்னு வர்றப்போ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலைய அடிச்சு வைக்கச் சொல்றாங்க, ரேட்டு மாறுனா ஒவ்வொண்ணா தொறந்து மாத்தணும், இருநூறு பொருள் இருந்தா யாரு உக்காந்து மாத்துறது? அதனால நாங்க சாஃப்ட்வேர் பாத்தப்போ கேட்ட மொத கேள்வியே ரேட்ட ஒரு எடத்துல மாத்துனா எல்லா விலையும் மாறுமாங்குறது தான். நீங்களும் உங்க தொழிலுக்கு அப்படி ஒரு கேள்விய மொதல்ல கண்டுபிடிங்க, தீம் (சைட்டோட தோற்றம்) அழகா இருக்கா கலர் நல்லா இருக்காங்குறதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்.

ஷாப்பிஃபைய பத்தி. கனடா கம்பெனி, பனில சறுக்குற பலகைய ஆன்லைன்ல விக்க 2004ல கடை போட்ட ஒருத்தர், இருக்குற சாஃப்ட்வேர் எதுவும் சரியில்லன்னு தானே எழுதுனது, அதையே 2006ல மத்த கடைக்காரங்களுக்கும் குடுக்க ஆரம்பிச்சாங்க. கடைக்காரர் எழுதுன சாஃப்ட்வேருங்குறது உள்ள போனாலே தெரியும், ஆர்டர் எங்க, ஸ்டாக் எங்க, கஸ்டமர் எங்கன்னு தேட வேண்டியதில்ல, போன் ஆப்லயே எல்லாம் பாத்துடலாம், ஹோஸ்டிங், செக்யூரிட்டி, அப்டேட் எல்லாம் அவுங்க பொறுப்பு, ராத்திரி சைட் படுத்துடுச்சேன்னு யாரையும் எழுப்ப வேண்டாம். திருபுவனத்துல எங்க சித்தி பொண்ணு பட்டுப்புடவ விக்கிறா, அவ ஷாப்பிஃபைல தான் இருக்கா, ஒரு டெவலப்பரும் இல்லாம தானே பண்ணிக்கிட்டா, அவளுக்கு அது அவ்ளோ பொருத்தமா இருக்கு.

ஆனா காசு கணக்க நல்லா போட்டுப் பாருங்க. பேசிக் பிளான் மாசம் 2000 ரூபா பக்கம், வருஷத்துக்கு சேத்து கட்டுனா கொஞ்சம் கம்மி. அது பரவால்ல. அவுங்களோட சொந்த பேமென்ட் சர்வீஸ் இந்தியாவுல கெடையாது, அதனால நாம ரேசர்பே மாதிரி வெளி கேட்வே தான் வைக்கணும், வெளி கேட்வே வச்சா பேசிக் பிளான்ல ஒவ்வொரு ஆர்டருக்கும் 2 சதவீதம் ஷாப்பிஃபை தனியா எடுத்துக்கும். 5000 ரூபா விளக்குன்னு வச்சுக்கங்க, கேட்வே 2 சதவீதம்னா 100 ரூபா, அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 18 ரூபா, ஷாப்பிஃபைக்கு இன்னொரு 100, ஆக 218 ரூபா. பித்தள வியாபாரத்துல கிலோவுக்கு நிக்கிற லாபம் என்னன்னு தெரிஞ்சவங்களுக்கு இந்த 218 எவ்ளோ பெருசுன்னு புரியும். புடவ மாதிரி மார்ஜின் உள்ள பொருளுக்கு இது தாங்கும். அப்புறம் எடைக்கு விலை போடணும்னா அதுக்கு தனி ஆப், அந்த ஆப்புக்கு டாலர்ல மாச வாடகை, இல்லன்னா எல்லா பொருளையும் எக்ஸல் ஷீட்டா எறக்கி விலைய மாத்தி திரும்ப ஏத்தணும். நாங்க இதனால தான் வேணாம்னு வச்சோம், சாஃப்ட்வேர் மோசம்னு இல்ல.

சோஹோ காமர்ஸும் பாத்தோம். சென்னை கம்பெனி, அதோட நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே நம்ம தஞ்சாவூர் மாவட்டத்து குடும்பம், அந்த பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏற்கனவே சோஹோ புக்ஸ்ல கணக்கு எழுதுறவங்களுக்கு இது நல்லா சேரும், பில்லு, ஸ்டாக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், ஆடிட்டருக்கும் சுலபம். எங்க கணக்கு டாலியில, அதனால அந்த லாபம் எங்களுக்கு இல்ல. போன்லயே பத்து நிமிஷத்துல கடை போடுற ஆப்புங்க சிலது இருக்கு, வீட்டுல ஊறுகா, வடகம் போட்டு விக்கிறவங்களுக்கு போதும், எங்களுக்கு பத்தாது. மெஜன்டோவ பத்தி ஒரே வரி, 2018ல அடோபி வாங்குன சாஃப்ட்வேர் அது, பெரிய கம்பெனிங்களுக்கானது, கனமான சர்வர் வேணும். இருநூறு பொருள் உள்ள பாத்திரக்கடைக்கு மெஜன்டோ போடலாம்னு ஒருத்தர் கொட்டேஷன் குடுத்தாருன்னா அவரு உங்க கடைய பாத்து குடுக்கல, அவருக்கு தெரிஞ்சத பாத்து குடுத்துருக்காரு.

வூகாமர்ஸ் 2011ல வந்தது, 2015ல ஆட்டோமேட்டிக் கம்பெனி வாங்குனாங்க, அதுக்கு காசு கெடையாது, கமிஷனும் கெடையாது, கோடு முழுக்க தொறந்து கெடக்கு, யாரு வேணா நமக்கு ஏத்த மாதிரி எழுதிக்கலாம். எங்களுக்கு இப்ப இருக்குற செட்டப்ப சொல்றேன். உள்ள போனதும் மேல ஒரு கட்டம், இன்னைக்கு ரேட்டுன்னு, அதுல பித்தளக்கு ஒரு எண், செம்புக்கு ஒரு எண், அவ்ளோ தான். ஒவ்வொரு பொருளுக்கும் எடையும் கூலியும் மட்டும் எழுதி வச்சுருக்கோம். காலையில அப்பா கடை தொறந்து சாமி கும்புட்டுட்டு ரேட்டு மாறிருந்தா அந்த கட்டத்துல அடிப்பாரு, சேவ் பண்ணுவாரு, மொத்த கடைக்கும் விலை மாறிடும், அஞ்சு ரூபாய்க்கு ரவுண்ட் ஆகி நிக்கும். 67 வயசு மனுஷன், கம்ப்யூட்டர் பக்கமே போகாதவரு, அவரே செய்யிறாருன்னா அந்த வேலைய எழுதுன பையனுக்கு எவ்ளோ பாராட்டுனாலும் தகும்.

ஆனா இதுலயும் ஒரு சிக்கல் வந்துச்சு, இத படிக்கிற டெவலப்பருங்க கவனிங்க. சைட் வேகமா தெரியணும்னு பேஜ் கேஷிங் போட்டுருப்பாங்க, அதாவது ஒரு தடவ தயார் பண்ணுன பக்கத்த அப்படியே எடுத்து வச்சு எல்லாருக்கும் காட்டும். ரேட்டு ஏறுன அன்னைக்கு பொருள் பக்கத்துல பழைய விலை தெரியுது, கார்ட்டுல போட்டா புது விலை வருது. சேலத்துலேர்ந்து ஒரு அம்மா போன் பண்ணி இது என்னங்க ஏமாத்து வேலயா இருக்குன்னு கேட்டுட்டாங்க. அப்பாவுக்கு அன்னைக்கு மதியம் சாப்பாடே எறங்கல, அம்பது வருஷ கடை, இந்த வார்த்தைய யாரும் சொன்னதில்ல. பழைய விலைக்கே அனுப்பி வச்சோம். டெவலப்பர் பையன் அன்னைக்கு ராத்திரியே ரேட்டு சேவ் ஆனதும் கேஷ் தானா அழியிற மாதிரி எழுதிட்டான், அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் வரல. எடைக்கு விலை போடுற எல்லாரும் இத ஆரம்பத்துலயே கேட்டு வாங்கிடுங்க.

வூகாமர்ஸோட கொறையும் சொல்லணும். அப்டேட்டு, பேக்கப்பு, செக்யூரிட்டி எல்லாம் நம்ம தலையில, பாத்துக்க ஆள் இல்லன்னா இத எடுக்காதீங்க. ஹோஸ்டிங் மொத வருஷம் சல்லிசா குடுப்பாங்க, ரினியூவல்ல ரெண்டு மூணு மடங்கு கேப்பாங்க, வாங்கும்போதே ரினியூவல் விலைய பாருங்க. காசு குடுத்து வாங்குற ப்ளகின் (கூடுதல் வசதிக்கு சேக்குற சாஃப்ட்வேர்) பெரும்பாலானதுக்கு வருஷா வருஷம் கட்டணும். கார்த்திகை தீபத்துக்கு முன்னாடி ரெண்டு வாரம் எங்களுக்கு வர்ற கூட்டத்துக்கு சாதா ஷேர்டு ஹோஸ்டிங் (பல சைட்டுங்க ஒரே சர்வர பங்கு போட்டுக்கிறது) மூச்சு வாங்குது, போட்டோவெல்லாம் போன்ல எடுத்தபடியே 5, 6 எம்பில ஏத்துனா இன்னும் மோசம், சின்னதாக்கி ஏத்துங்க.

இப்ப டெவலப்பர் விஷயம், இத கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், ஏன்னா நம்ம பக்கம் நெறைய கடைக்காரங்க சாஃப்ட்வேரால நஷ்டப்படல, இதுல தான் நஷ்டப்படுறாங்க.

எங்களுக்கு மொதல்ல பண்ணிக் குடுத்தது ஒரு பெரிய ஊர் கம்பெனி. பேரு வேணாம். 60 ஆயிரம் பேசி, பாதி முன்பணம், மீட்டிங் எல்லாம் வீடியோ கால்லயே. பாக்க சைட் நல்லா தான் இருந்துச்சு. உள்ள என்ன இருந்துச்சுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுது. தீம் காசு குடுத்து வாங்காம திருட்டு காப்பிய எறக்கிப் போட்டுருந்தாங்க, அதுக்குள்ள யாரோ வச்ச கோடு, கூகுள்ல தேடி போன்ல வர்றவங்கள மட்டும் ஏதோ சூதாட்ட சைட்டுக்கு தள்ளி விட்டுச்சு. கடை கம்ப்யூட்டர்ல நாங்க பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும், அதான் கொடும, கஸ்டமர் சொல்லி சொல்லி தான் நம்புனோம். ரீஃபண்ட் பாலிசி, பிரைவசி பாலிசி பக்கமெல்லாம் வேற ஒரு துணிக்கடை சைட்டுலேர்ந்து அப்படியே எடுத்துருக்காங்க, அந்த கடை பேரு கூட ரெண்டு எடத்துல மாத்தாம நின்னுச்சு. இது வெறும் அலங்காரம் இல்லீங்க, கேட்வேக்காரங்க அந்த பக்கங்கள படிச்சுப் பாத்து தான் அப்ரூவல் குடுப்பாங்க, அதுக்கு மேல 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஈ-காமர்ஸ் விதிகள்படி புகார் கேக்குற அதிகாரி யாரு, எப்படி தொடர்பு கொள்றதுன்னு சைட்ல போட்டே ஆகணும், 48 மணி நேரத்துல புகார் கெடச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும். எங்க சைட்ல அந்த எடத்துல யாருக்கோ சொந்தமான போன் நம்பர்.

எல்லாத்துக்கும் மேல டொமைன். எங்க கடை பேருல உள்ள அந்த அட்ரஸ் அவுங்க கம்பெனி பேருல, அவுங்க அக்கவுண்ட்ல வாங்கி வச்சுருக்காங்க. கடை நம்மளது, பத்திரமும் சாவியும் அவுங்க கையில. மாத்திக் குடுங்கன்னு கேட்டா தனியா பணம் கேட்டாங்க, அட்மின் லாகின் கேட்டா செக்யூரிட்டி ரீசன் அப்படின்னாங்க. நீங்க இப்பவே ஒண்ணு பாருங்க, உங்க டொமைன் வாங்குன ரிஜிஸ்ட்ரார் சைட்டுக்குள்ள நீங்களே லாகின் பண்ண முடியுதா? மாத்துறதுக்கு வேணுங்குற ஆத் கோடு உங்களால எடுக்க முடியுதா? முடியலன்னா அது உங்களுது இல்ல, இன்னைக்கே பேசி வாங்குங்க, சண்ட வந்ததுக்கு அப்புறம் கேட்டா குடுக்க மாட்டாங்க.

இப்ப பாத்துக்குற பையன் நம்ம ஊருலயே படிச்சு, சென்னையில கொஞ்ச நாள் வேல பாத்துட்டு திரும்பி வந்தவன். கொட்டேஷன் குடுக்கறதுக்கு முன்னாடி கடைக்கு வந்து ஒரு நாள் முழுக்க உக்காந்தான். லேப்டாப்ப தொறக்கவே இல்ல. மூணடி விளக்கு ஒண்ண காட்டி, ஐயா இத கழட்டி காமிங்களேன்னான். எதுக்கு தம்பின்னு அப்பா கேட்டாரு. கொரியர் பெட்டி அளவு தெரியணும்யா, முழுசா அனுப்புறதா கழட்டி அனுப்புறதான்னு பாத்தா தான் ஷிப்பிங் எழுத முடியும்னான். அப்பா திருகி கழட்டி, பாதம், தண்டு ரெண்டு துண்டு, தட்டு, மேல அன்னம் எல்லாத்தையும் தரையில சாக்கு விரிச்சு அதுல வச்சாரு, அவன் டேப்பு வச்சு ஒவ்வொண்ணா அளந்தான். மொதல் கம்பெனில எங்ககிட்ட ஒரு தடவ கூட இத கேக்கல.

அவன் அளந்ததுல என்ன கெடச்சுதுன்னா, கொரியர்காரங்க எடைய மட்டும் பாக்க மாட்டாங்க, பெட்டியோட நீளம் அகலம் உயரத்த சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுத்து வர்ற எண், நெஜ எடை, ரெண்டுல எது அதிகமோ அதுக்கு தான் காசு. விளக்க முழுசா 100க்கு 35க்கு 35 பெட்டியில வச்சா 24.5 கிலோ கணக்கு ஆகுது. கழட்டி 45க்கு 35க்கு 35 பெட்டியில அடுக்குனா 11 கிலோ தான். விளக்கோட நெஜ எடை 9 கிலோ சொச்சம். ஒரு ஆர்டருக்கு பாதிக்கு மேல கொரியர் காசு மிச்சம், தண்டு வளையிற பயமும் இல்ல. அதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி அளவ எழுதி வச்சு, கஸ்டமர் பின்கோடு அடிச்சா சரியான ஷிப்பிங் வர்ற மாதிரி பண்ணிருக்கான். கழட்டுன விளக்க எப்படி பூட்டுறதுன்னு அப்பா கையால பூட்டி காட்டுற ஒரு சின்ன வீடியோ எடுத்து, அதோட கியூஆர் கோட பெட்டிக்குள்ள ஒரு அட்டையில போட்டு வைக்கலாம்னு அவன் தான் சொன்னான். பூட்டத் தெரியலன்னு வந்த போன் அதோட நின்னு போச்சு.

தமிழ்ல கடை போடுறவங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம். பொருள் பேர தமிழ்ல வச்சா அந்த பக்கத்தோட லிங்க்கும் தமிழ்ல ஆகி, வாட்ஸ்அப்புல அனுப்பும்போது சதவீதக் குறியும் எண்ணுமா நாலு வரிக்கு நீளும், பாக்குறவங்க ஏதோ வைரஸ்னு தொடாம விட்டுடுவாங்க. வேர்ட்பிரஸ்ல லிங்க் பேருக்கு 200 எழுத்து தான் எடம், தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் அதுல கொறஞ்சது 9 எடத்த தின்னுடும், அதனால நீள பேருன்னா பாதியில வெட்டிடும். பேரு தமிழ்ல இருக்கட்டும், லிங்க்க மட்டும் இங்கிலீஷ் எழுத்துல குடுங்க. இன்னொண்ணு பிடிஎஃப் பில்லு. பழைய சைட்ல பில்லு எடுத்தா கொம்பு எழுத்துக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும், நாச்சியார்கோயில்ங்குறதுல கோ மட்டும் மூணா செதறி கெடக்கும், அவுங்க இது ஃபான்ட் பிரச்சினைன்னு ஃபான்ட்ட மாத்தி மாத்தி போட்டாங்க. ஃபான்ட் இல்ல, பிடிஎஃப் தயாரிக்கிற அந்த லைப்ரரிக்கு (உள்ள போட்டுக்கிற ரெடிமேட் கோடு) தமிழ் எழுத்த சேக்கத் தெரியல. எம்-பிடிஎஃப்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு மாத்துனதும் சரியாயிடுச்சு. டெமோ பாக்கும்போது கெ, கே, கொ, கோ, கௌ எல்லாம் வர்ற மாதிரி பேரு குடுத்து ஒரு பில்லு எடுத்து காட்டச் சொல்லுங்க, தமிழ்நாட்டுக்குள்ள ஒரு ஆர்டர், பெங்களூருக்கு ஒரு ஆர்டர் போட்டு உள்ளூருக்கு சிஜிஎஸ்டி எஸ்ஜிஎஸ்டி, வெளி மாநிலத்துக்கு ஐஜிஎஸ்டின்னு சரியா பிரியுதான்னும் பாத்துடுங்க.

காசு விஷயத்துல, அவனுக்கு மொத வேலைக்கு 35 ஆயிரம், அப்புறம் மாசம் 1500, அதுல அப்டேட்டு, வாரம் ஒரு பேக்கப்பு, பேக்கப்போட ஒரு காப்பி எங்க டிரைவ்ல. சின்ன சின்ன மாத்தம் அதுலயே அடங்கும், புதுசா ஏதாவது எழுதணும்னா தனி. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டோம், அத கேட்டதே அவன் தான். கொறன்னு சொன்னா ஒத்த ஆளு, அவனுக்கு உடம்பு முடியாம போனா ரெண்டு நாள் ஆகும். அதுக்காக எல்லா பாஸ்வேர்டும் எழுதுன நோட்டு அப்பா பீரோவுல இருக்கு, வேற எந்த டெவலப்பர் வந்தாலும் மறுநாளே வேலைய எடுத்துக்கலாம்.

கேஷ் ஆன் டெலிவரி நாங்க வைக்கல, இத்தன கிலோ பொருள் வாங்காம திரும்பி வந்தா ரெண்டு பக்க கொரியரும் நம்ம தலையில. நாலடிக்கு மேல உள்ள விளக்க கார்ட்டுலயே போட முடியாது, அங்க போன் நம்பர் மட்டும் இருக்கும், அதெல்லாம் பேசி, லாரி பார்சல்ல தான் போகும். இதுவரைக்கும் யாரும் அத ஒரு குறையா சொல்லல, பெரிய விளக்கு வாங்குறவங்க எப்படியும் பேசிட்டு தான் வாங்குறாங்க.

இந்த கார்த்திகைக்கு ஆன்லைன்ல விக்கணும்னு நெனைக்கிற பாத்திரக்கடை, விளக்குக்கடைக்காரங்க ஆடி மாசமே ஆள புடிச்சு ஆரம்பிச்சுடுங்க. ஒவ்வொரு பொருளா எடை போட்டு எழுதுறதும் போட்டோ எடுக்குறதும் தான் நாள இழுக்குற வேல, கோடு எழுதுறது இல்ல. கேட்வே அப்ரூவலுக்கும் பாலிசி பக்கம், ஜிஎஸ்டி, பேங்க் பேப்பர் எல்லாம் சரியா இருந்தா தான் நகரும். ஐப்பசில போய் கேட்டா நல்லா வேல செய்யிற டெவலப்பருங்க தீபாவளி ஆர்டருல மாட்டியிருப்பாங்க, உங்களுக்கு கெடைக்க மாட்டாங்க.